ஆன்ஸ்லினின் முகப்புப் பலகை

பிரசங்க பீடத்தில் முதலில் தயாரானது ஆன்ஸ்லினின் பெயர்தான். மற்றதெல்லாம் அப்போது அறுத்த அயினிப் பலகைகளாக, ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைப்புரையின் சுவரில் சாய்ந்து நின்றன. முகப்புக்கென்று ஒதுக்கிய பலகை மட்டும் ஆட்டோவில் நாகர்கோவில் போய், கம்ப்யூட்டர் மெஷினில் எழுத்து வெட்டிக்கொண்டு, பெட்ஷீட் போர்த்தித் திரும்பி வந்திருந்தது. மேலே சிறிய எழுத்தில் 'கர்த்தருடைய மகிமைக்கு'. அதன் கீழே, கர்த்தரைவிட மும்மடங்கு பெரிய எழுத்தில், 'என்ஜினியர் ஜே. ஆன்ஸ்லின் (ஜுபைல்) தம் சொந்தக் கரங்களால் செய்தளித்தது'.

"பீடத்த இன்னும் தொடங்கவே இல்லியே," என்றாள் ஜெபகுமாரி.

"வீடு கெட்டுததுக்கு முன்ன கல்லு போட மாட்டாவளா? அதுமாதிரியாக்கும் இது," என்றார் ஆன்ஸ்லின். மனைவியின் கேள்விகளுக்கு அவரிடம் எப்போதும் பதில் இருக்கும். அவளுக்கும் அடுத்த கேள்வி எப்போதும் இருக்கும்.

ஆன்ஸ்லின் இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடா நாட்டு ஜுபைலில் ஒரு பெரிய ஆலையில் இருந்தவர். மெஷின்களைப் பழுதுபார்க்க வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அங்கே எந்த மெஷினையும் அவர் தொட்டதில்லை. ஆனால் அவர் கையெழுத்தில்லாமல் வேறு யாரும் தொட்டதுமில்லை. இதை ஊரில் ஒவ்வொருவருக்கும் விளக்குவதைவிட என்ஜினியர் என்று சொல்லிவிடுவது சுருக்கமாக இருந்தது. பேச்சிப்பாறை போகிற சாலையோரம் வீடும், பின்னால் கொஞ்சம் ரப்பரும் வைத்திருக்கிற ஒருவரை என்ஜினியர் இல்லை என்று சொல்ல ஊருக்கும் ஒரு முகாந்திரம் இருக்கவில்லை.

அவர்கள் சபையில் கொடுத்தவர் பெயர் இல்லாத பொருள் கிடையாது. டியூப் லைட்டில், காணிக்கைப் பையின் காம்பில், தண்ணீர் டிரம்மில், எல்லாவற்றிலும் யாராவது இருந்தார்கள். மின்விசிறிகள் பன்னிரண்டும் சபைச் செயலர் பெனிஷ் கொடுத்தவை. இறக்கைக்கு இறக்கை அவருடைய அப்பா பெயர் சிவப்பு பெயின்டில் இருந்தது. விசிறி ஓடும்போது அதை வாசிக்க முடியாது. கரண்டு போனால் சபை மொத்தமும் அண்ணாந்து வாசிக்கும். கரண்டு அடிக்கடி போகிற ஊரில் அது மோசமான ஏற்பாடு அல்ல.

பழைய பீடம் கரையான் அரித்தது என்று கமிட்டியில் எழுந்து பேசிக் கழற்ற வைத்தவர் ஆன்ஸ்லின். புதியதை நானே என் கையால் செய்து தருவேன் என்றதும் அவரே. போதகர் ஷிஜின் அன்றுமுதல் பாடகர் குழுவின் நோட்டு வைக்கிற ஒல்லியான இரும்பு ஸ்டாண்டில் வேதாகமத்தை வைத்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அழுத்தமான வசனம் வரும்போதெல்லாம் அது குனிந்து வணங்கியது.

பெனிஷ் கட்டடத்துக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கிற தொழில் செய்கிறவர். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பீடம் ஒன்றைத் தன்னால் தர முடியும் என்றார். பெயரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்வாராம். உடனே ஆன்ஸ்லின் எழுந்து, பலிபீடப் பக்கம் ஸ்டிக்கர், தகடு, ஒட்டு எதுவும் ஆகாது, பெயர் பொருளிலேயே வெட்டியிருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பெனிஷ் விசாரித்துவிட்டு வந்து, அக்ரிலிக்கின் உள்ளேயே பெயர் பொறிக்கலாமாம் என்றார்.

கமிட்டி இருவரையும் பகைக்க விரும்பவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் மரப் பீடம் ஆலயத்துக்குள் வந்தால் மரப் பீடம். வராவிட்டால் பெனிஷின் பீடம். எந்தப் பெயருக்குப் பின்னால் நின்று போதகர் ஆண்டாண்டு காலம் பேசப்போகிறார் என்பதுதான் விஷயம். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

*

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த இழைப்பு மெஷினை ஆன்ஸ்லின் புகைப்புரையில் நிறுத்தினார். மேல்தட்டில் பலகையின் முகத்தை இழைக்கலாம். கீழ்த்தட்டில் பலகையைக் கொடுத்தால் இரண்டு உருளைகள் அதைப் பிடித்து இழுத்து, சுழலும் கத்திகளுக்கு அடியில் கொண்டுபோய், ஒரே கனமாக மறுபக்கம் வெளியே தள்ளும். முதல் இரண்டு வாரம் மெஷின் சொன்னபடி கேட்டது. பீடத்தின் பக்கங்களும் மேல்பலகையும் முடிந்து, கூட்டி நிறுத்தியாகிவிட்டது. முகப்பு மட்டும் பாக்கி. பீடம் முகமில்லாமல் நின்றது.

இந்த நாட்களில் மெஷினுக்கு நடந்த பராமரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையடி ஊர், மழை ஓய்வதில்லை, இரும்பு என்றால் துரு. ஜுபைலில் ஆன்ஸ்லின் கையெழுத்திட்ட சீட்டுகளில் பாதி எண்ணெய் இடுவதற்கானவை. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும், வீட்டில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைப் பழந்துணியில் நனைத்து, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மெஷினைத் தேய்த்துவிட்டார். வெளியே தேய்த்தார். மூடியைக் கழற்றி உள்ளேயும் தேய்த்தார். கைபோன இடமெல்லாம் தேய்த்தார்.

மூன்றாவது வாரம் மெஷின் பலகையை இழுக்க மறுத்தது. ஒரு சாண் உள்ளே போகும், நிற்கும். கத்தி சுழலும், சத்தம் ஊரைக் கூட்டும், பலகை மட்டும் நகராது.

"கரண்டு போதாது," என்றார் ஆன்ஸ்லின்.

"அரவைக்கல்லு நல்லாத்தானே சுத்துது," என்றாள் ஜெபகுமாரி.

"மரம் ஈரமாக்கும்."

"போன வாரம் இதே மரத்தத்தானே இழுத்துது?"

"சீனாக்காரனுக்க பார்ட்ஸ் எங்கயாவது உள்ள இருக்கும்."

"போன வாரமும் அவன் உள்ளத்தானே இருந்தான்?"

ஆன்ஸ்லின் அலமாரியைத் திறந்தார். ஜுபைலிலிருந்து வரும்போது மஞ்சள் அட்டைகள் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். பழுதான மெஷினில் கட்டித் தொங்கவிடுவது. 'பழுது, இயக்காதே' என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதியிருக்கும். ஒன்றை எடுத்து மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானின் மேல் தொங்கவிட்டார். அரபி வாசிக்கத் தெரிந்த யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டு.

பிறகு மெஷின் விற்ற கடைக்குப் போன் செய்தார்.

"சொல்லுங்க சார். பெல்ட்டு தொய்யலீங்களே?" என்றது கோயம்புத்தூர்.

"இல்ல."

"செயின் பல்லு மாறலீங்களே? உருளை மேல ஸ்பிரிங் இருக்குது பாருங்க, அது ரெண்டு பக்கமும் ஒரே இறுக்கமா இருக்குதுங்களா?"

"நான் மெக்கானிக்கல் லைனாக்கும் தம்பி. எல்லாம் பாத்தாச்சு."

"சரிங்க சார். மூடியக் கழட்டினா சின்னதா ஒரு ரப்பர் வீல் இருக்குமுங்க. அது இரும்பு வீல் மேல ஒட்டி உரசித்தான் உருளையச் சுத்தும். அதுல எண்ணெய் கிண்ணெய் படலீங்களே?"

ஆன்ஸ்லின் எண்ணெய்த் துணியைத் திரும்பிப் பார்த்தார்.

"மெயின்டனன்ஸ் முறைப்படி நடந்திருக்கு," என்றார்.

"அப்பப் பட்டிருக்குங்க சார்," என்றது கோயம்புத்தூர்.

மூடியைக் கழற்றினார். ரப்பர் சக்கரம் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளத்தது. விரலை வைத்தால் வழுக்கியது. நல்ல தேங்காய் வாசனை.

"எண்ணெயாலயா?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஜெபகுமாரி.

"பராமரிப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு என்ஜினியருக்குக் கொறயுறதவிடக் கூடுறது நல்லதாக்கும்."

துடைத்திருந்தால் போதும். ஆனால் துடைப்பது என்ஜினியர் வேலையாகத் தோன்றவில்லை. சக்கரத்தைக் கழற்றி ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். எடுத்தபோது அது பழம்பொரிபோல உப்பியிருந்தது. நகத்தால் தொட்டால் பிய்ந்து வந்தது. புதுச் சக்கரம் வர மூன்று வாரம் ஆகும் என்றது கோயம்புத்தூர். வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

*

"ஒலகத்துக்கே டயருக்கு ரப்பர் குடுக்குத மண்ணு இது," என்றார் ஆன்ஸ்லின். "கைப்பிடி அளவு சக்கரத்துக்கு நான் ஒருத்தன்ட்ட கையேந்தவா?"

தன் மரங்களின் பாலில் அடித்த ஷீட்டுகளில் குற்றம் குறை இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நாடா நாடாவாக நறுக்கி, சைக்கிள் பங்சர் ஒட்டுகிற பசையைத் தடவி, சக்கரத்தின் நடுவிலிருந்த இரும்புக் குடத்தில் சுற்றிச் சுற்றி ஒட்டினார். டயர் கம்பெனிகள் ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைப்பது அவருக்குத் தெரியும். அது கம்பெனிகள் விலையைக் கூட்டச் செய்கிற வேலை என்பது அவர் அபிப்பிராயம். வேகாத ரப்பர் சூடு பட்டால் இளகிப் பசையாகும் என்பது அந்தப் பக்கத்தில் பால் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஆன்ஸ்லினுக்கும் தெரியும். ஆனால் அது மற்றவர்களுடைய ரப்பர்.

ஒரு முழ நீளத் துண்டுப் பலகையைக் கொடுத்துப் பார்த்தார். மெஷின் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபக்கம் துப்பியது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிடிப்பதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? புதன்கிழமை மதியம் சாயா, நேந்திரங்காய் வறுவலோடு கமிட்டி முழுவதையும் புகைப்புரைக்கு அழைத்தார். முகப்புப் பலகையைக் கம்ப்யூட்டர் வெட்டியதில் எழுத்துகளின் ஓரம் பிசிறாக நின்றது. மேலாக ஒரு சீவு சீவினால் கூர்மையாகிவிடும். எழுத்து மேலே பார்த்தபடி பலகை உள்ளே போகும், வந்தவர்கள் வாசிக்கலாம்.

போதகர் ஷிஜின் சுருக்கமாக ஜெபித்தார். அதன்பின் ஆன்ஸ்லின் ஜுபைல் முறைப்படி பாதுகாப்பு விளக்கம் கொடுத்தார். ஆபத்து என்றால் எந்த வழியாக வெளியேறுவது, வெளியேறி எந்தப் பலாமரத்தடியில் கூடுவது. புகைப்புரைக்கு ஒரே வாசல்தான். அதை இரண்டு தடவை காட்டினார்.

"அண்ணாச்சி, இது மரம் இழைக்கப் போற மெஷினா, இல்ல பறக்கப் போறதா?" என்று கேட்டார் பெனிஷ்.

"ஓய், ஜுபைல்ல இப்பிடிச் சிரிச்சவனுக்க வெரலெல்லாம் இப்ப அங்க கெடக்கு."

மெஷின் ஓடியது. பலகை ஆள் நீளத்தில் பாதி; பெயர் அதில் சொல்லுக்கொரு வரியாக மேலிருந்து கீழே இறங்கியது. 'கர்த்தருடைய மகிமைக்கு' நேர்த்தியாக உள்ளே போய், ஓரங்கள் மின்ன மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கமிட்டி வறுவலை மெல்வதை நிறுத்தியது. 'என்ஜினியர்' போனது. 'ஜே.' போனது. அப்போது மூடிக்குள்ளிருந்து ரப்பர் சூடாகிற வாசனை வந்தது. பச்சை ரப்பர் இளகி நூல் நூலாக இழுபட்டது. உருளைகள் நின்றன. கத்தி நிற்கவில்லை. அது 'ஆன்ஸ்லின்' என்ற இடத்தில் நின்று சுழன்றது.

"தட்ட கீழ எறக்கும், அண்ணாச்சி!" என்று கத்தினார் பெனிஷ்.

பலகை கிடக்கிற தட்டை ஏற்றவும் இறக்கவும் ஒரு கைச்சக்கரம் உண்டு. ஆன்ஸ்லின் அதைப் பாய்ந்து பிடித்துச் சுற்றினார். தட்டு ஏறியது. கத்தி அலறியது. இன்னும் வேகமாகச் சுற்றினார். இன்னும் ஏறியது. புகை வந்தது. நிறுத்துகிற பொத்தானைத் தேடினார். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் அட்டை இருந்தது. இருபது வருஷப் பழக்கம். அட்டை தொங்குகிற இடத்தில் அவர் கை தானாக நின்றுவிட்டது. பெனிஷ்தான் எட்டி அட்டையைத் தூக்கி, பொத்தானை அமுக்கினார்.

கமிட்டி அதற்குள் பலாமரத்தடியில் கூடியிருந்தது. விளக்கத்தை அவர்கள் கவனமாகத்தான் கேட்டிருந்தார்கள்.

பலகையை வெளியே எடுத்தார்கள். 'ஆன்ஸ்லின்' இருந்த இடத்தில் குறுக்காக ஒரு வாய்க்கால், கருகிய கரையோடு.

"கர்த்தருக்க பேருக்கு ஒண்ணும் ஆவல்ல," என்றார் பெனிஷ். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அக்ரிலிக் ரெடியாத்தான் இருக்கு, அண்ணாச்சி. வெள்ளிக்கெழம வண்டி விடுதேன்."

*

எல்லோரும் போன பிறகு ஆன்ஸ்லின் பலகைமுன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஜெபகுமாரி மிஞ்சின வறுவலைப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"திருப்பிப் போட்டா என்ன?"

"பின்பக்கம் வெள்ளை ஓடின மரம். வண்டு தொளச்சிருக்கு."

"வேற பலவ?"

"இந்த அகலத்துல இது ஒண்ணுதான்."

"வாய்க்கால் போற வர இழைச்சு எறக்கினா?"

ஆன்ஸ்லின் விரலை வாய்க்காலுக்குள் விட்டுப் பார்த்தார். எழுத்துகளின் ஆழத்தைவிட அது ஒரு நூல் கூடுதல். "பேரும் சேந்து போவும்."

"பொறவு வெட்டிக்கிடலாமே?"

"பொறவு வெட்டினா பலவ அந்தப் பக்கம் தொளஞ்சு போவும். அவ்வளவு கனந்தான் மிஞ்சும்."

"பித்தளத் தகட்டுல எழுதி அடிச்சா?"

பலிபீடப் பக்கம் தகடு ஆகாது என்ற தீர்மானம் யாருடையது என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்ப ரெண்டுல ஒண்ணாக்கும்," என்றாள் ஜெபகுமாரி. "பேரு வேணுமா, பீடம் வேணுமா?"

"பேரில்லாத பீடம் எனக்கெதுக்கு?"

"நீங்க செய்யல்லன்னா பெனிஷுக்க பேரு உள்ள பீடம் நிக்கும். ஞாயித்துக்கெழமதோறும் நாம அத வாசிக்கணும். அதும் கண்ணாடி. பாஸ்டருக்க முட்டு வரைக்கும் தெரியும்."

இந்த வாதத்தில் போதகரின் முழங்கால் ஆன்ஸ்லினைத் தொடவில்லை. பெனிஷ் தொட்டார்.

மறுநாள் காலை அவர் சக்கரத்திலிருந்து தன் ரப்பரைச் சுரண்டி எடுத்தார். வேக வைத்த ரப்பர் வேண்டும், கெட்டியாக, கனமாக. பழைய சைக்கிள் டியூப் கனம் போதவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தவரின் கண் வாசலில் நின்றது. அங்கே அவருடைய செருப்புகள் கிடந்தன. ஜுபைலில் வாங்கியவை, இத்தாலி என்று எழுதியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறவை. ஆலய வாசலில் கழற்றிப் போடும்போது இத்தாலி என்ற எழுத்து தெரியும்படி சற்றுச் சரித்துப் போடுவார். குதிகால் இரண்டு விரற்கடை கனம், அசல் ரப்பர்.

அவர் கத்தியை எடுத்ததை ஜெபகுமாரி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்று அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டு குதிகாலையும் வளையமாக வெட்டிச் சக்கரத்தில் இறுக்கினார். இரும்புச் சக்கரத்தின் எண்ணெயைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். மஞ்சள் அட்டையைக் கழற்றினார். பலகையைக் கொடுத்தார். மெஷின் அதை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போனது. ஒரு திக்கலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுத்துகள் கொஞ்சம் மெலிந்து வந்தன. முதலில் '(ஜுபைல்)' போனது; அதைத்தான் ஆழமில்லாமல் வெட்டியிருந்தார்கள். அடுத்து 'சொந்தக் கரங்களால்'. கர்த்தருடைய மகிமையும் போனது; மெஷினுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. 'என்ஜினியர்' நெடுநேரம் தாக்குப் பிடித்தது. கடைசித் தடவையில் பலகை வெறுமையாக, தேன் நிறத்தில், அயினி மரத்தின் வரிகளோடு மட்டும் வந்தது. ஆன்ஸ்லின் அதைத் தடவிப் பார்த்தார். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பீடம் ஆலயத்துக்குள் நின்றது. பெனிஷின் வண்டி வாசல்வரை வந்து திரும்பியது.

*

பண்டிகை ஞாயிறன்று ஆன்ஸ்லின் ரப்பர் ஹவாய்ச் செருப்பில் ஆலயத்துக்கு வந்தார். வேறு செருப்பு இல்லை. தாமதமாக வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெயரில்லாத பீடத்தைப் பார்க்கச் சகிக்காததால் தலையைக் குனிந்துகொண்டார்.

போதகர் ஷிஜின் புதுப் பீடத்தின் இருபுறமும் கை வைத்தார். அது வணங்கவில்லை. முகப்பைக் குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"சபையாரே, இந்தப் பீடத்துல ஒரு பேரும் இல்ல. பேரு வெட்டியிருந்தத கமிட்டியில நாங்க எல்லாரும் புதன்கிழமை பாத்தோம். அந்தப் பேர அந்தச் சகோதரன் தம் கையாலயே அழிச்சிருக்காரு. இன்னைக்கு எந்தச் செருப்பு போட்டு வந்திருக்காருன்னு, அவர் வாசல்ல கழத்தினப்ப இங்கருந்தே பாத்தேன். எங்க உக்காந்திருக்காருன்னும் பாருங்க. இந்தத் தாழ்மை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?"

சபை திரும்பிப் பார்த்தது. ஆன்ஸ்லின் நிமிர்ந்தார், பிறகு நிலைமை புரிந்து, மறுபடியும் குனிந்தார். அப்போது கரண்டு போனது. விசிறிகள் மெல்ல நின்றன. சபை வழக்கம்போல அண்ணாந்து பெனிஷின் அப்பா பெயரை வாசித்தது. பன்னிரண்டு விசிறிகளிலும் வாசித்தது. இந்தத் தடவை அது யாருக்கும் நன்றாக இருக்கவில்லை. பெனிஷ் முதல் வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

சாயா நேரத்துக்குள் ஆன்ஸ்லின் தாழ்மையைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கியிருந்தார். மனுஷனுக்குப் பேர் என்னத்துக்கு என்று கேட்டார். இதைத் தான் ஜுபைலிலேயே உணர்ந்துவிட்டதாகவும் சொன்னார். பக்கத்துச் சபையிலிருந்து வந்தவர்கள், பேரில்லாத பீடம் எது என்று விசாரித்தார்கள். எல்லோரும் கைகாட்டி, ஒரே குரலில், 'ஆன்ஸ்லின் பீடமா, அன்னா நிக்கு' என்றார்கள்.

அடுத்த வாரம் புகைப்புரை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஆலயத்தின் முன்வரிசை பெஞ்சுகள் இரண்டு அதில் இருந்தன. பெனிஷின் தாத்தா கொடுத்தவை. சாய்வுப் பலகைகள் நீளவாக்கில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தாத்தாவின் பெயர் ஆழமாக வெட்டியிருந்தது.

"அண்ணாச்சி," என்றார் பெனிஷ். அவர் காலில் ஹவாய்ச் செருப்பு. "இந்தப் பேரையும் ஒண்ணு இழைச்சு எடுத்துத் தரணும். பேருல என்ன இருக்கு? விசிறிக்கு ஆள் சொல்லியாச்சு, சுரண்டிருவான். இதுக்கு ஒமக்க மெஷின்தான் வேணும்."

ஆன்ஸ்லின் பலகைகளைத் தடவிப் பார்த்தார். நல்ல தேக்கு. மெஷின் அன்று காலைகூட ஒரு பலகையை ஒரே மூச்சில் இழுத்திருந்தது.

"ஒரு நிமிஷம், பெனிஷ்," என்று உள்ளே போனார்.

திரும்பி வரச் சற்று நேரமானது. வந்தபோது வருத்தமான முகத்தோடு கதவை அகலத் திறந்து காட்டினார். மெஷினின் சிவப்புப் பொத்தான் மேல் புதிய மஞ்சள் அட்டை ஒன்று தொங்கியது, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீரா?" என்றார் ஆன்ஸ்லின். "பழுதாக்கும்."